மூன்றாவது பொத்தான்

வருகிற வெள்ளிக்கிழமையோடு, வீட்டிலிருந்தே இணையத்தில் படங்களுக்குப் பெயரிடும் இந்த வேலையை நான் நிறுத்துகிறேன். திங்கட்கிழமை முதல் தெப்ராவில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் கணக்கர் வேலை. மகளுக்கும் பாலர் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் "ஓய்வு பெறுகிறேன்" என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நம் வாட்சாப் குழுவில் நான்கு வருடம் இருந்தவள் நான் ஒருத்திதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர், "அக்கா, போறதுக்கு முன்னாடி எதாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். குரல் பதிவில் சொல்லிப் பார்த்தேன். நான்கு முறை அழித்தேன். அதனால் எழுதுகிறேன்.

எப்படிப் பதிவு செய்வது, எந்த நேரத்தில் வேலைகள் அதிகம் வரும், காசு எப்படி வங்கிக்கு வரும் என்பதையெல்லாம் குழுவின் மேல்பகுதியில் பின் செய்து வைத்திருக்கிறோம். அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒவ்வொரு வேலையிலும் திரையின் அடியில் மூன்று நான்கு பொத்தான்கள் இருக்கும். கடைசியில் இருப்பது "தெரியவில்லை". அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். யோங் பெங் ஊர்ப் பக்கத்துப் பெண். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கல்யாணமாகி எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி வாடகைக்கு வந்தாள். அதற்குமுன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவள். நான் டிப்ளோமா முடித்து ஆறு வருடம் அலுவலகத்தில் இருந்துவிட்டு, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். ஆகவே முதல் நாள் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. படத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்க என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் வாரத்திலேயே அந்த கர்வம் போனது. உணவுப் படங்களுக்குப் பெயரிடும் வேலை அது. ஒரு தட்டில் இடியப்பம், பக்கத்தில் தேங்காய்ப்பூ, பழுப்புச் சர்க்கரை. நம் ஊரில் மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருவாரே, அதே புட்டு மாயம். கீழே நான்கு பொத்தான்கள்: நூடுல்ஸ், ரொட்டி வகை, இனிப்பு, தெரியவில்லை. நான் பதினோரு நிமிடம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை உணவு என்று பொத்தான் இல்லை. சர்க்கரை இருப்பதால் இனிப்பா? அரிசி மாவுதானே? நேரம் முடிந்து, திரை தானாக என்னை வெளியே தள்ளியது.

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அலமாக், அக்கா! புட்டு மாயத்துக்கு பதினோரு நிமிஷமா? அதுக்குள்ள அந்த அங்கிள் ரெண்டு தாமான் தெருவெல்லாம் சுத்திட்டு வீட்டுக்கே போயிருப்பாரு."

"எது சரின்னு தெரியலயேம்மா."

"தெரியலன்னா தெரியலன்னு அமுக்குங்க. அதுக்குத்தானே வச்சிருக்கான்? ஃபேக்டரில எங்களுக்கு மூணு தட்டு இருக்கும். நல்லது பச்சைத் தட்டு, கெட்டது சிவப்புத் தட்டு. டவுட்டா இருந்தா மஞ்சள் தட்டு. மஞ்சள்ல போட்டா அது தப்பு இல்ல. டவுட்டான பீஸை பச்சைல போட்டாதான் தப்பு."

நான் அதைக் குறித்துவைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் எதையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பேன்.

ஆனால் அவள் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பின்னால் ஒருநாள் கேட்டேன். மஞ்சள் தட்டு நிறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. "சூப்பர்வைசர் கத்துவாரு. 'என்னா, எல்லாரும் கண்ணை வீட்ல வச்சிட்டு வந்தீங்களா'ம்பாரு. அப்புறம் யாரும் மஞ்சளைத் தொட மாட்டாங்க" என்றாள்.

நம் வேலையிலும் அதுதான் நடக்கிறது. புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பார்க்கிற படங்களுக்கு நடுவே சோதனைப் படங்கள் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு விடை முன்பே முடிவாகியிருக்கும். அந்த விடையோடு நம் விடை ஒத்துப்போகாவிட்டால் மதிப்பெண் குறையும். "தெரியவில்லை" என்று அடிக்கடி அமுக்கினாலும் குறையும். எண்பதுக்குக் கீழே போனால் அந்த வேலை நமக்கு மூடிவிடும். இடியப்பத்துக்கு முடிவாகியிருந்த விடை நூடுல்ஸ். உலகத்தில் எங்கோ ஐந்து பேரிடம் காட்டியிருப்பார்கள். நான்கு பேர் நூடுல்ஸ் என்றிருப்பார்கள். நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன், அரிசி மாவு, அச்சு, ஆவி எல்லாம் சேர்த்து. பதில் வரவில்லை. அடுத்த முறை இடியப்பம் வந்தபோது நூடுல்ஸ் என்று அமுக்கினேன். மதிப்பெண் ஏறியது.

அதில் என்ன கெட்டுப்போய்விட்டது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் கெடவில்லை. ஆனால் கண் பார்த்ததை விட்டுவிட்டு, அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று யோசித்து அமுக்க நான் அன்றைக்குத்தான் பழகினேன். எனக்கு அது சுலபமாக வந்தது. பள்ளியிலும் நான் அப்படித்தான். ஆசிரியருக்கு என்ன பதில் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே எழுதுகிற மாணவி.

போன வருட நடுவில் ஒரு பெரிய வேலை வந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டில் கேமரா பொருத்துவார்களாம். அவர்கள் விழுந்தால் கேமரா தானே கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்புமாம். அதைப் பழக்குவதற்கான படங்கள். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அறை, ஒரு மனிதர். கீழே மூன்று பொத்தான்கள்: படுத்திருக்கிறார், விழுந்திருக்கிறார், தெரியவில்லை. ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நொடி.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. இடியப்பத்தைவிட இது மேலானது என்று தோன்றியது. யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு உதவப்போகிறது.

பிரச்சினை தரையில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் என் மாமனார் இருக்கிறார். முப்பது வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அவருக்கு மெத்தை ஆகாது. "மெத்தைல படுத்தா முதுகு சண்டைக்கு வருது" என்பார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் டைல்ஸ் தரையில் பாயும் தலையணையும் இல்லாமல் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்துவிடுவார். மூன்று மணிக்கு எழுந்து அவரே பால் இல்லாத கோப்பி ஓ கலக்கிக் குடிப்பார். நம் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்போது தரையில் கிடப்பார். ஆகவே படத்தில் ஒருவர் வெறுந்தரையில் நிம்மதியாகக் கிடந்தால் நான் "படுத்திருக்கிறார்" என்றே அமுக்கினேன்.

இரண்டே நாளில் மதிப்பெண் எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. சோதனைப் படங்களின் விடைகளைத் திரும்பப் பார்த்தேன். தரையில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்தவர்கள். விடை எழுதியவர்கள் வீட்டில் யாரும் தரையில் படுப்பதில்லை போலிருக்கிறது.

குழுவிலும் எல்லோருக்கும் இதே கதைதான். அப்போது பதினான்கு பேர் இருந்தோம். யோங் பெங் பெண்ணின் கணவருக்கு அந்த மாதம் வேலை இல்லை. அவள்தான் முதலில் எழுதினாள்: "எனக்கு எண்பதரை. இன்னும் ஒரு படம் போச்சுன்னா நான் அவுட்டுதான் லா."

நான் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாச் சோதனை விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அழகாக வரிசை எண் போட்டுக் குழுவில் பின் செய்தேன். தரை என்றால் விழுந்தது. கட்டில், நாற்காலி என்றால் படுத்தது. மூன்றாவதைத் தொடாதீர்கள். யோசிக்காதீர்கள்.

"அக்கா, நீங்க டீச்சரா போயிருக்கணும்" என்று ஒருத்தி எழுதினாள். எல்லோருக்கும் மதிப்பெண் ஏறியது. யோங் பெங் பெண் கைகூப்பும் படம் அனுப்பினாள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது. அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை. பதினொன்றே முக்காலுக்கு மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். "வானம் கறுக்குது, துணியை எடுத்துடும்மா" என்றார். நான் எடுத்து வந்தபோது அவர் கூடத்தில் வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டிருந்தார். மகளை மேலே அறையில் தூங்கவைத்தேன். ஒரு மணிக்குப் புதிய தொகுப்பு திறந்தது. எண்ணூறு படங்கள். நான்கு மணிக்கு மூடிவிடும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து கூடம் தெரியாது, இடையில் ஒரு சுவர்.

இரண்டேகாலுக்கு மகள் அழுதாள். கூடத்தைக் கடந்து மாடிக்குப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கூடத்தைக் கடந்து வந்தேன். ஆக, இரண்டு முறை மாமாவைத் தாண்டிப் போனேன். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தரையில் கிடந்தார். அவர் தினமும் கிடப்பதுபோல. சத்தம் போடாதே, தாத்தா தூங்குறாங்க என்று மகளிடம் சொன்னேன்.

மூன்று மணிக்குக் கோப்பி வாசனை வரவில்லை. இன்றைக்கு அசதி போல என்று நினைத்தேன். இன்னும் இருநூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. மூன்றரைக்கு ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்து, உட்கார்ந்துவிட்டேன். மகள் மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் யார் யாரோ தரையில் கிடந்தார்கள். விழுந்திருக்கிறார், விழுந்திருக்கிறார், விழுந்திருக்கிறார் என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

நான்கிற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொகுப்பு முடிந்தது. "மாமா, கோப்பி போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அவர் கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல முயன்றார்.

யோங் பெங் பெண்தான் கார் எடுத்து வந்தாள். என் மகளை அவள் கணவரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேருமாக மாமாவைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினோம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காத்திருந்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கே முக்கால். என் வீட்டுக்காரரின் தங்கை வேலையிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு வேலை சிங்கப்பூரில். எல்லைப் பாலத்தில் நெரிசல், மோட்டார் சைக்கிளே நகரவில்லை என்று போனில் சொன்னார்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். மாமாவைப் பரிசோதித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஸ்ட்ரோக். ஸ்கேனுக்குக் கொண்டுபோறோம். எனக்கு ஒண்ணே ஒண்ணு இப்பவே தெரியணும். அவர் நல்லா இருந்ததைக் கடைசியா யாரு பார்த்தது? எத்தனை மணிக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள். "ரெண்டேகாலுக்கு அண்ணி பார்த்தாங்க டாக்டர். போன்ல சொன்னாங்க."

"ரெண்டேகாலா? நல்லது" என்றார் டாக்டர். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். "அப்படின்னா இன்னும் நேரம் இருக்கு. ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அதுக்கு நாலரை மணி நேரக் கணக்கு உண்டு. அந்த நேரத்துக்குள்ள கொடுத்தா நல்லா மீண்டு வரலாம். தாண்டிட்டா கொடுக்கக் கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். ரெண்டேகாலுக்கு நல்லா இருந்தாரா?"

நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமாவைப் பார்த்தேன்.

"சொல்லுங்க அண்ணி. தூங்கிட்டுதானே இருந்தாரு?"

"தரையில இருந்தாரு" என்றேன்.

"அவரு தினம் தரையிலதான் இருப்பாரு! அதான் தூங்குறாருன்னு பாப்பாகிட்ட சொன்னீங்கல்ல?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க அண்ணி, அப்பாவுக்கு அந்த மருந்து கிடைக்கட்டும்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பாலத்தின் இரைச்சலுக்கு நடுவே என் வீட்டுக்காரரின் குரல். "ஏன் யோசிக்கிற? பார்த்தியா, பார்க்கலயா?"

"பார்த்தேங்க."

"அப்புறம் என்ன? சொல்லு!"

டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ பன்னிரண்டு நொடி என்று தோன்றியது.

அந்த இடத்தில் என் மனத்தில் ஓடியதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முதலில் தோன்றியது மாமாவைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. இரண்டேகாலுக்கு அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றால் என் மீது தவறில்லை. அப்போதே விழுந்து கிடந்தார் என்றால், விழுந்தவரைத் தாண்டிப் போய் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்த மருமகள் நான். எல்லோரும் எதிர்பார்க்கிற பதில் ஒன்று இருந்தது. அது எனக்கும் வசதியான பதில். மருந்தும் கிடைக்கும். அமுக்கிவிட்டால் போதும்.

பிறகு அந்தக் காட்சியை மனத்தில் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். கூடம். ஜன்னல் வழியாக மழைக்கு முந்திய இருட்டு. வலது கை தலைக்கடியில் இருந்ததா? இருந்தது என்று நினைக்கிறேன். தினமும் இருப்பதால் அப்படி நினைக்கிறேனா? இடது கை? இடது கை உடம்பைவிட்டு விலகி, உள்ளங்கை மேலே பார்க்கத் தரையில் கிடந்தது. அதை நான் பார்த்திருந்தேன். மகளின் கால் அதில் பட்டுவிடக் கூடாது என்று கொஞ்சம் ஒதுங்கி நடந்ததுகூட நினைவிருக்கிறது. கால் பட்டிருந்தால் அவர் அந்தக் கையை இழுத்துக்கொண்டிருப்பாரா, மாட்டாரா? தூங்குகிறவர் கையும் அப்படிக் கிடக்கலாம். விழுந்தவர் கையும் கிடக்கலாம்.

"எனக்குத் தெரியல, டாக்டர்" என்றேன். "ரெண்டேகாலுக்கு அவரைப் பார்த்தேன். ஆனா தூங்கினாரா, அப்பவே இப்படி ஆயிருந்துச்சான்னு எனக்குத் தெரியல. கடைசியா என்கிட்ட நல்லா பேசினது பதினொன்னே முக்காலுக்கு. துணியை எடுக்கச் சொன்னாரு. அது மட்டும்தான் உறுதி."

"அண்ணி!"

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். "பதினொன்னே முக்கால். உறுதிதானே?"

"உறுதி."

அவர் அதை எழுதிக்கொண்டு உள்ளே போனார். அந்த மருந்தைக் கொடுக்கவில்லை.

நாத்தனார் என் கையை விட்டுவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யோங் பெங் பெண் ஒரு மைலோ பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"மஞ்சள் தட்டுல போட்டீங்க."

"சரியாம்மா?"

"தெரியலக்கா" என்றாள்.

அந்தப் பதிலுக்காக அவளை என் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். சரி என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மாமா பிழைத்தார். இடது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு குழறுகிறது. மருந்து கொடுத்திருந்தால் நன்றாக ஆகியிருப்பாரா, இல்லை உயிருக்கே ஆபத்தாகியிருக்குமா? யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஐந்தாம் நாள் வராந்தாவில் அந்த டாக்டரைப் பார்த்தபோது அடக்கமாட்டாமல் கேட்டேன், நான் சொன்னது சரியா என்று.

"நீங்க ரெண்டேகால்னு சொல்லியிருந்தா நாங்க அதைத்தான் நம்பியிருப்போம். எங்களுக்கு வேற வழி இல்ல" என்றார். அவ்வளவுதான். கையில் யாருடைய கோப்போ இருந்தது, போய்விட்டார்.

அன்று இரவு நான் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேமராவுக்கும் வேறு வழி இல்லை. நாம் சொல்வதைத்தான் அது நம்பும். அதற்கு நான் என்ன சொல்லிக்கொடுத்திருந்தேன்? தரை என்றால் விழுந்தது. தினமும் மத்தியானம் தரையில் படுக்கும் ஒருவர் வீட்டில் அது தினமும் அலறும். பத்து நாள் ஓடிவருவார்கள். பதினோராம் நாள் அணைத்துவைத்துவிடுவார்கள். பன்னிரண்டாம் நாள் அவர் உண்மையாகவே விழுவார்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் நான் பின் செய்திருந்த விதிகளை நீக்கினேன். வேலை கொடுத்தவர்களுக்கு எழுதினேன். என் படங்களில் பலவற்றை நான் பார்த்து விடை சொல்லவில்லை, ஒரு விதியைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் ஊரில் நலமாக இருப்பவர்களும் தரையில் படுப்பார்கள். உங்கள் சோதனை விடைகளைத் திரும்பப் பாருங்கள் என்று. மற்றவர்கள் பெயரை எழுதவில்லை. ஆனால் விதியை நான்தான் பகிர்ந்தேன் என்பதை எழுதினேன். விடைகளைப் பகிரக் கூடாது என்பது நிபந்தனை.

பதில் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த வேலை எனக்கு மூடப்பட்டிருந்தது. குழுவில் இன்னும் நான்கு பேருக்கும் மூடப்பட்டது. என் கடிதத்தாலா, அவர்கள் மதிப்பெண்ணாலா, தெரியாது. குழுவில் எல்லோரும் பார்க்க ஒருத்தி எழுதினாள்: "உங்க மாமா விழுந்ததுக்கு எங்க ஸ்கோரு ஏன் விழணும்?" அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேர் குழுவைவிட்டுப் போனார்கள். யோங் பெங் பெண்ணுக்கும் மூடிவிட்டது. அவளிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"போங்கக்கா, வேற பேட்ச் வரும்" என்றாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதன் வாயைத் துடைத்துவிட்டு, "மஞ்சள் தட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். கைகூப்பி அனுப்பினதும் நான்தானே" என்றாள். அவள் வீட்டில் அந்த மாதம் எப்படி ஓடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, என் அறிவுரை என்று ஒன்று இருந்தால் இதுதான். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றாவது பொத்தானை அமுக்கினால் மதிப்பெண் குறையும். அதை நான் மறைக்கவில்லை. உங்களில் சிலர் வீட்டில் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் அரிசி வாங்குகிறீர்கள். எல்லாப் படத்துக்கும் அதை அமுக்குங்கள் என்று சொல்லவில்லை. இடியப்பம் நூடுல்ஸாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் படத்தில் ஒரு மனிதர் இருந்தால், உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லும் விரலைப் பழக்கத்தில் வைத்திருங்கள். நான் மூன்று வாரமாக அதைத் தொடாமல் இருந்தேன். தேவைப்பட்ட இடத்தில் அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒருவேளை வராமலும் போயிருக்கலாம். அந்த ஒருவேளைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நாத்தனார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு வந்தாள். முறுக்குப் பிழியும்போது, "உப்பு போதுமான்னு பாருங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

மாமா இப்போதும் தரையில்தான் படுக்கிறார். கட்டில் வாங்கினோம். அதில் துணி மடித்து வைத்திருக்கிறோம். மத்தியானத்தில் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் நின்று கேட்கிறேன்.

"மாமா, தூங்குறீங்களா?"

முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "தூங்குறவன... எழுப்பி... தூங்குறியான்னு... கேக்குற" என்று குழறினார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு பக்கமாக. பிறகு பேசச் சிரமப்பட்டு, வேறு வழி கண்டுபிடித்தார். கண்ணைத் திறக்காமல், வலது கையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

சில நாள் உடனே தட்டுவார். சில நாள் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார், நேரமாகும். மேசையில் திரை திறந்திருக்கும். படங்கள் ஒவ்வொன்றாக நேரம் முடிந்து போய்க்கொண்டிருக்கும். நான் போவதில்லை. அந்த இரண்டு தட்டு கேட்கும்வரை கூடத்திலேயே நிற்கிறேன்.